மூன்று நிமிடச் சாட்சி

கடற்படைப் படகின் ஊதல் மூன்று தரம் அலறியது. பாறையில் காலை நீட்டிப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்த கெசியா திடுக்கிட்டு எழுந்தாள்.

சாம்பல்தீவுக் கரையிலிருந்து பார்த்தால் எருமை முதுகு போலத் தெரியும் கரும்பாறை அது. நீந்திப் போகக் கால் மணித்தியாலம் பிடிக்கும். சுற்றிவரக் கூர்க்கற்கள் கிடந்ததால் படகு கிட்ட வரவில்லை. ஒலிபெருக்கியில் யாரோ சிங்களத்தில் கத்தினார். தங்கச்சி என்று கூப்பிடுகிறார் என்பது மட்டும் அவளுக்கு விளங்கியது.

அப்போதுதான் கடலைக் கவனித்தாள். காலையில் கண்ணாடி போலக் கிடந்த தண்ணீர் கச்சான் காற்றில் நுரைத்துப் போயிருந்தது. காற்று கரையிலிருந்து வெளிக்கடல் பக்கமாகத் தள்ளியது. இனி நீந்தித் திரும்புவது லேசுப்பட்ட காரியமில்லை.

கரைவலை வளைத்துக்கொண்டிருந்த தோணி ஒன்று பாதி வலையை அப்படியே கைவிட்டுப் பாறைப் பக்கம் திரும்பியது. ஜவ்பர் நானாவின் தோணி. நிலாவெளிக்காரர். பத்துப் பன்னிரண்டு பேரை வைத்துக் கரைவலை இழுப்பிக்கிறவர். அவளை ஒரு கையால் தோணிக்குள் இழுத்துப் போட்டுவிட்டு, மூச்சு வாங்க வாங்கக் கேட்டார்.

"நீந்த ஏலாமப் போச்சா புள்ள? முழுகப் பாத்தியா?"

கெசியா ஓமென்று தலையாட்டினாள்.

எல்லாவற்றையும் கெடுத்தது அந்த ஒரு தலையாட்டல்தான்.

கெசியாவுக்குப் பதினேழு வயது. அப்பா பாஸ்டர் பாக்கியரத்தினம். மட்டக்களப்பிலிருந்து தை மாதம் திருகோணமலைக்கு மாற்றலாகி வந்தவர். நகரத்தின் விளிம்பில் நாற்பது பேர் கூடும் சின்னச் சபை. அம்மா இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அழைப்பாள். முதலில் அப்பாவோடு சபைக் கதை, பிறகு மகளிடம் சாப்பிட்டியா, படிச்சியா. அதோடு அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிடும்.

ஓகஸ்ட் விடுமுறை தொடங்கியதும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். அப்பா ஆறு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தால், நோயாளிகளைப் பார்த்து, உபவாச ஜெபம் நடத்தி, பொழுது சாய்ந்த பிறகுதான் வருவார். குசினியில் ஒருவர் சாப்பிட்ட சோற்றுக் கோப்பையைப் பார்த்துத்தான் மற்றவர் வந்துபோனதை அறிந்துகொள்வார்கள்.

மாதக் கடைசி ஞாயிறு கடலில் ஞானஸ்நானம் என்று அப்பா அறிவித்திருந்தார். மூன்று பேர். ஓட்டோ ஓட்டும் யோகலிங்கம் அண்ணர், தையல்காரி பூரணி அக்கா, கெசியா. அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீருக்குள் இறங்குமுன் ஒவ்வொருவரும் கரையில் நின்று, கடவுள் தனக்குச் செய்ததை மூன்று நிமிடம் சாட்சியாகச் சொல்லவேண்டும். சாட்சி இல்லாமல் இறங்கினால் அது வெறும் குளிப்பு என்பார் பாஸ்டர்.

யோகலிங்கம் அண்ணருக்குக் கவலையில்லை. குடியை விட்டவர். அவருடைய சாட்சியில் போத்தல்களின் எண்ணிக்கை கிழமைக்குக் கிழமை கூடிக்கொண்டே போனது. பூரணி அக்காவுக்குப் பத்து வருட மூச்சிழுப்பு நின்றிருந்தது. கெசியாவிடம் என்ன இருந்தது? பிறந்த நாள் முதல் ஒழுங்காகச் சபைக்கு வந்தாள். காய்ச்சல் வந்தால் பெனடோல் குளிசை போடச் சுகமானது.

"சாட்சி சொல்ல கொஞ்சம் பாவமும் வேணும் பிள்ளை. நீர் போய் ஏதும் களவெடுத்துப் போட்டு வாரும்," என்று பூரணி அக்கா பகிடி விட்டாள்.

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். கெசியா சிரித்தாளே தவிர, அன்றைக்கு அவளுக்கு நித்திரை வரவில்லை.

பழைய பாஸ்டர் விட்டுப்போன அலுமாரியில் மிஷனரிமாரின் வாழ்க்கை வரலாறுகள் இருந்தன. பத்து நாளில் ஏழு புத்தகங்களை முடித்தாள். ஒருவர் கப்பல் உடைந்து பிழைத்தார். இன்னொருவர் புலிக்கு முன்னால் முழங்காலில் நின்றார். மூன்றாமவரைக் கொள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போனார்கள். ஆபத்து வந்தது, கூப்பிட்டார்கள், கை நீட்டப்பட்டது. கெசியாவுக்கு வழி பிடிபட்டது. ஆபத்து வீடு தேடி வராவிட்டால், நாம்தான் அதைத் தேடிப் போகவேண்டும்.

சைக்கிளை எடுத்தாள். யானை இறங்கும் என்று எல்லாரும் பயப்படுத்திய காட்டுப் பாதையில் போனாள். யானை லத்தியும், அதைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்த ஒரு கிழவரும்தான் அகப்பட்டார்கள். முதலை கிடக்கும் என்ற களப்பில் இடுப்பளவு தண்ணீரில் நடந்தாள். உடும்பு போன்ற ஒரு பெரிய கபரகொய்யா அவளைப் பார்த்துவிட்டு, தன்பாட்டுக்கு நகர்ந்து போனது. ஒவ்வொரு நாளும் உச்சி வெயிலில் எங்காவது மரத்தடியில் குந்தி, பாண் துண்டைக் கடித்தபடி புத்தகத்தைத் திறப்பாள். ஒவ்வொரு நாளும் ஒரு கீறலும் இல்லாமல் வீடு திரும்பினாள். முகம் கறுத்துப் போனதை யாரும் கேட்கவில்லை.

கடைசியில்தான் அந்தப் பாறை. காலை ஏழு மணிக்கு, புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றித் தலையில் கட்டிக்கொண்டு நீந்தினாள். ஐந்து மணித்தியாலம் பாறையில் இருந்தாள். ஒரு பக்கம் வாசிப்பாள், கரையைப் பார்ப்பாள். மறு பக்கம் வாசிப்பாள், திரும்பவும் பார்ப்பாள். பிறகு படகு ஊதியது.

ஜவ்பர் நானா கரையில் வைத்து அப்பாவின் இலக்கத்துக்கு நாலு தரம் அழைத்துப் பார்த்தார். உபவாச ஜெபத்தில் அப்பா போனை நிறுத்தியிருந்தார். கெசியா சைக்கிளில் வீட்டுக்கு வந்து, குளித்து, சோற்றைப் போட்டுத் தின்று, கோப்பையைக் கழுவி வைத்தாள். பின்னேரம் ஐந்து மணிக்குத்தான் ஓட்டோத் தரிப்பிடத்தில் கதையைக் கேள்விப்பட்ட யோகலிங்கம் அண்ணர் அப்பாவைத் தேடிப்பிடித்துச் சொன்னார்.

அப்பா வாசலில் மோட்டார் சைக்கிளைச் சாய்த்த சாய்ப்பில் அது விழுந்தது. அதைத் திரும்பியும் பாராமல் ஓடிவந்து மகளைக் கட்டிப்பிடித்து அழுதார். கெசியாவின் நினைவில் அவர் அப்படிக் கட்டிப்பிடித்து வருடங்கள் ஆகியிருந்தன.

அதன்பிறகு வீடு கலியாண வீடாகிவிட்டது. பூரணி அக்கா புட்டோடும் மீன் குழம்போடும் வந்தாள். சரியாகப் பன்னிரண்டு மணிக்குத் தன் மனம் காரணமில்லாமல் பாரமாகி, தையல் மெசினை நிறுத்திவிட்டு ஜெபித்ததாகச் சொன்னாள். யோகலிங்கம் அண்ணர் தானும் அதே நேரம் ஓட்டோவை ஓரங்கட்டியதாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை, ஞாயிறல்லாத ஒரு நாளில், அம்மா அழைத்தாள். ஒரு மணித்தியாலம் கதைத்தாள். அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரத் தொடங்கினார். இரண்டு கோப்பைகள் ஒரே நேரத்தில் மேசையில் இருந்தன.

இப்போது அவளுக்கு எல்லாரையும் விடப் பெரிய சாட்சி கிடைத்துவிட்டது. அது பொய் என்பதுதான் சங்கடம். உண்மையைச் சொன்னால் ஞானஸ்நானமும் போகும், வீட்டுக்கு வந்த ஆட்களும் போவார்கள். சொல்லாவிட்டால், கடவுளுக்கு முன் வைக்கும் முதல் அடியே பொய்யில். வேதப்புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் கண்ணுக்குள் இறங்க மறுத்தன.

வெள்ளிக்கிழமை ஜவ்பர் நானாவிடம் மன்னிப்புக் கேட்கச் சாம்பல்தீவுக் கரைக்குப் போனாள். அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அவளுக்காக விட்டுவிட்டு வந்த வலையிலிருந்து ஒரு பாரை மீன் கூட்டமே போய்விட்டதாம். அதைப் பற்றி மனம் நிறையத் திட்டித் தீர்த்தார். பிறகு அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"முழுகுற ஆக்கள் பொத்தகம் வாசிக்கிறத நான் இன்னும் காணல்ல புள்ள."

யாரிடமாவது சொன்னீர்களா நானா என்று கெசியா மெல்லக் கேட்டாள். அவர் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தான் ஏன் சொல்லவேண்டும், அது அவளுடைய பாடு என்றார். ஆனால் பாஸ்டர் வந்து கையைப் பிடித்து அழுதவராம், ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வரச் சொல்லியிருக்கிறாராம்.

"வருவன். ஆனா ஒன்ட வாப்பா என்னட்டக் கேட்டா, நான் பொய் சொல்லமாட்டன்."

ஞாயிறு விடியற்காலை கடல் அமைதியாக இருந்தது. சபையார் வெள்ளை உடுப்பில் கரையில் கூடிவிட்டார்கள். ஜவ்பர் நானா கொஞ்சம் தள்ளி, தோணியில் சாய்ந்துகொண்டு நின்றார். பூரணி அக்காவின் தங்கச்சி போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். அதற்குள் அம்மா. இருட்டறை ஒன்றில் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருந்தாள்.

யோகலிங்கம் அண்ணர் மூன்று நிமிடத்தைப் பத்தாக்கினார். பூரணி அக்கா அழுது, இரண்டோடு முடித்தாள். இருவரும் முங்கி எழுந்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்ற அப்பா கரையைப் பார்த்துக் கை நீட்டினார். இந்தக் கடல் எடுக்கப் பார்த்த பிள்ளை இன்றைக்கு இதே கடலுக்குள் இறங்குகிறது, அந்த வாயாலேயே கேட்போம் என்றார். யோகலிங்கம் அண்ணர் மைக்கை அவள் கையில் கொடுத்தார்.

நாற்பது பேரும் அவளையே பார்த்தார்கள். இப்படி எல்லாரும் தன்னைப் பார்த்தது அவளுக்கு நினைவில்லை. இரண்டு வசனம் போதும். அலை அடித்தது, கடவுளைக் கூப்பிட்டேன். அதற்குமேல் அவர்களே அழுதுகொள்வார்கள்.

வாயைத் திறந்தாள். அந்த இரண்டு வசனமும் வரவில்லை. பாறையில் இருந்த ஐந்து மணித்தியாலமும் தான் பார்த்தது கடலையா, கரையையா என்று அவள் தன்னையே கேட்டாள். சாட்சி தேடிப் போனதாக இவ்வளவு நாளும் நம்பியிருந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நான் கடலில தாழேல்லை அப்பா. நான் வீட்டில இல்லையெண்டு நீங்கள் எத்தினை மணிக்குத் தேடுவீங்கள் எண்டு பாக்கத்தான் போனனான்."