ஒன்பது காய்க்கு முதல் பரிசு

2014-இல் திண்டிவனத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் பைத்தான் என்ற கணினி மொழியை நடத்திக்கொண்டிருந்தேன். நடத்தினேன் என்றால், முந்தின நாள் படித்ததை மறுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தத் தகுதியோடுதான் முகையூர்ப் பக்கம் மாமனார் ஊர்ச் சர்ச்சில் நடந்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிக்குள் தலையைக் கொடுத்தேன்.

ஆளுக்கு ஒரு செடி பிடுங்கி வர வேண்டும். காய் அதிகமுள்ள செடிக்கு மருந்தடிக்கும் ஸ்ப்ரேயர் பரிசு. வந்தவர்கள் முப்பது பேர்கூட இல்லை; காய்க் கணக்கு எழுதிய தாளில் கண்ணை ஓட்டினாலே முடிந்துவிடும் வேலை.

"கம்ப்யூட்டர்ல போட்டு ரேங்க் எடுத்துத் தர்றேன் பாதர்" என்றேன் பங்குச் சாமியாரிடம்.

"எதுக்குங்க?" என்றாள் என் மனைவி ஜெசி. அது என் காதில் விழவில்லை.

எண்களைத் தட்டினேன். பச்சைமுத்துவின் செடியை வழியிலேயே அவருடைய ஆடு தின்றுவிட்டது; அவருக்கு எண்ணுக்குப் பதில் ஒரு கோடு போட்டேன். எல்லாவற்றையும் பைத்தானின் நம்பை (NumPy) என்ற கருவியில் ஒரே பட்டியலாக, அதாவது அணியாக, மாற்றி, வரிசைப்படுத்தி, பெயர்களை மட்டும் எழுதிப் பாதரிடம் பெருமையாக நீட்டினேன்.

பாதர் மைக்கில் படித்தார். முதல் பரிசு, ராயப்பன்.

ராயப்பன் செடியில் ஒன்பது காய். அதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அவரோ கொஞ்சமும் தயங்காமல் மேடையேறி, ஸ்ப்ரேயரைத் தோளில் மாட்டிக்கொண்டு, மைக்கையும் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி கட்டல, உரம் வெக்கல, களை எடுக்கல. நான் பாட்டுக்குத் தூங்கிக்கினு இருந்தேன். அதுவே காச்சிது."

கைதட்டல் அடங்கியதும் பாதர் மீதியைப் படித்தார். கடைசி இடம் பச்சைமுத்து. அவருக்கு ஒரே ஒரு படி மேலே என் மாமனார் இன்னாசிராஜ். அவர் செடியில் நூற்றுப்பன்னிரண்டு காய்.

மாமனார் எழுந்து நின்றார். "ஆடு தின்ன செடிக்கு மேல ஒரு எடம் குடுத்துகிறீங்க மாப்ள. ரொம்ப சந்தோஷம்."

மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன். அணிக்குள் எல்லாம் ஒரே வகையாக இருக்க வேண்டும். நான் போட்ட கோடு எண் இல்லை, எழுத்து. அதனால் நம்பை மற்ற எண்களையும் சத்தமில்லாமல் எழுத்தாக்கிவிட்டது. எழுத்தென்றால் அகராதி வரிசைதான்; மொத்த எண்ணைப் பார்க்காது, முதல் இலக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிடும். கோடு எல்லாவற்றுக்கும் கீழே, அதற்கு அடுத்து ஒன்றில் தொடங்கும் 112 அடிக்குப் போனது, 9 உச்சிக்கு ஏறியது.

இதை மைக்கில் விளக்கினேன். வகுப்பில்கூட நான் அவ்வளவு தெளிவாக நடத்தியதில்லை.

பச்சைமுத்து கையைத் தூக்கினார். "அப்ப தப்பு என் ஆட்டுதா சார்?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஜெசி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லிங்க, என்துதான்."

ராயப்பன் ஸ்ப்ரேயரைக் கழற்றி மாமனார் தோளில் மாட்டிவிட்டார். "இந்தா மாமா. ஆனா எனக்குக் கைதட்னாங்க பாரு, அத்த மட்டும் தர மாட்டேன்."

மதியச் சாப்பாடு மாமனார் வீட்டில். நாங்கள் கிளம்பும்போது அவர் பச்சை மல்லாட்டையை ஒரு பை நிறைய வண்டியில் மாட்டிவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார். "காலேஜில இதத்தான் சொல்லிக் குடுக்கிறீங்களா மாப்ள?"

அதில் கேலி இல்லை. உண்மையான கவலை.

"ஆமாங்க மாமா."

"புள்ளைங்க பாஸ் ஆவுதா?"

"ஆவுதுங்க."

மாமனார் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.