துருத்திய செங்கல்

என் மனைவிக்கு எதையும் அளந்து செய்கிற பழக்கம் கிடையாது. நானோ நாற்பது வருஷம் தையல்காரன். அரை நூல் பிசகினாலும் பிரித்துத் தைப்பவன். எங்களைச் சேர்த்து வைத்தவர் யாரோ, அவருக்குக் குசும்பு அதிகம்.

கூடத்தில் குளிருக்காக ஓர் இரும்பு விறகு அடுப்பு வாங்கினோம். சுவரில் சூடு ஏறாமலிருக்கப் பின்னால் செங்கல் தடுப்பு வேண்டும். கொத்தனாருக்காகக் காத்திருக்காமல் ஒரே மத்தியானத்தில் அவளே கட்டி முடித்தாள். வரிசையெல்லாம் கோணல். இடுக்குகளில் சிமெண்ட் வழிந்து, புகைக்குழாய் மேலேயும் அப்பியிருந்தது.

"நிக்குதா இல்லையா? அப்புறம் என்ன?" என்றாள்.

ஒரு செங்கல் மட்டும் மூன்று விரற்கடை வெளியே துருத்திக்கொண்டிருந்தது. ஆறு வருஷம் அதைச் சொல்லிச் சொல்லியே அவள் உயிரை எடுத்தேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தினமும் என் டீ டம்ளரை அதன்மேல் வைத்து, "நீங்க திட்டுற செங்கல்தான் டீயைச் சூடா வச்சிருக்கு, மில்லிமீட்டர்" என்பாள். எனக்கு அவள் வைத்த பெயர் அது.

அவள் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது டம்ளரை நானே வைத்து நானே எடுத்துக்கொள்கிறேன். அந்த ஐந்து நிமிஷம் வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். மற்ற நேரமெல்லாம் தனிமை பிடுங்கித் தின்னும்.

குளிர் தொடங்கியதும் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் புகை கசிந்தது. கொத்தனார் வந்து பார்த்தார்.

"யாருண்ணே பார்த்த வேலை இது?"

"வீட்டுல."

"அக்காவா? கை தைரியம்தான்." சிரித்தார். "ஓட்டையை அடைக்கிறது அரை மணி நேர வேலை. மத்ததையும் சுத்தம் பண்ணிடலாம். எங்கெங்கன்னு குறி போட்டு வைங்க. குறி இல்லாத இடத்தைத் தொடமாட்டேன்."

அந்த ஒரு செங்கலைத் தவிர, என்று முடிவு செய்துகொண்டுதான் தையல் சாக்கட்டியை எடுத்தேன். தைத்த சட்டையை விரித்து மேலிருந்து கீழே தடவிக்கொண்டே போவது என் வழக்கம். விரல் இடறுகிற இடத்தில் கோடு தானாக விழுந்துவிடும், யோசிப்பதெல்லாம் கிடையாது. சுவரையும் அப்படித்தான் தடவினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு கைக்கு வேலை கிடைத்ததில் சந்தோஷமாகக்கூட இருந்தது. சொல்ல வெட்கமாயிருக்கிறது.

மறுநாள், தூசி ஆகாது என்று கொத்தனார் என்னை வெளியே அனுப்பிவிட்டார். பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். குழாய் பளிச்சென்று இருந்தது. இடுக்குகள் நூல் பிடித்தாற்போல் இருந்தன. துருத்திய செங்கலை வெட்டி, சுவரோடு சுவராக மட்டமாக்கியிருந்தார்.

"அதை ஏன்..." என்றேன்.

"அதுலதாண்ணே முதல்ல உளி வச்சேன். மத்ததுக்கெல்லாம் ஒரு கோடு, அதுக்கு மட்டும் அழுத்தி ரெண்டு போட்டிருந்தீங்களே."

தரையில் கிடந்த துண்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டு கோடு. என் கைதான்.

"ஏதாச்சும் குறை இருந்தா சொல்லுங்க."

மேலிருந்து கீழே தடவினேன். விரல் ஓரிடத்திலும் இடறவில்லை.

"ஒண்ணும் இல்லப்பா," என்றேன்.

அவர் போனபின் டீ போட்டு எடுத்து வந்தேன். ஆறு வருஷச் சண்டையில் ஒருவழியாக ஜெயித்துவிட்டேன். அதைச் சொல்ல ஆளில்லை. டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் சுவருக்கு எதிரில் நின்றபடியே அழுதேன்.