நிலவறையில் கொஞ்ச நேரம்

“போதும், வா. இப்பக் கிளம்பலேன்னா மலை முழுக்க லாரிக்குப் பின்னாடி ஊர வேண்டியதுதான்.”

ஹில்டா கணவரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். நசீப் நகரவில்லை. பெய்ரூத்தின் அந்த ஓவியக்கூடத்தில் மற்ற அறைகளையெல்லாம் அவள் ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்தாயிற்று. அவரோ நுழைந்ததும் கண்ணில் பட்ட படத்தின் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். மடியில் பூனையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்.

“இவளுக்கு மேல் வரிசையில ஒரு பல் இல்ல. உதட்டைப் பாரு, உள்ள போயிருக்கு. வரைஞ்சவனுக்குத் தெரிஞ்சிருக்கு, சொல்லாம விட்டிருக்கான்.”

“ஊர்ல இருக்கிற வாயெல்லாம் பார்த்தது போதாதா? படத்தையாவது விட்டுவை.”

சொந்த ஊரான பத்ரூனில் பல்செட் கட்டும் பட்டறையை அவர் மூடியது இந்த வசந்தத்தில்தான். அதற்கே காத்திருந்தவள்போல ஹில்டா பெட்டியை எடுத்து வைத்துவிட்டாள். வருஷா வருஷம் கோடையில் நாட்டைச் சுற்றிப் பார்க்கப் போகலாம் என்பார்கள். ஒரு கோடையில் சண்டை வரும், ஒரு கோடையில் பெட்ரோல் இருக்காது. “இத்துனூண்டு நாட்டுல பொறந்துட்டு நாம பார்த்ததெல்லாம் நம்ம தெருவும் அடுத்தவன் பல்லும்தான்” என்று சொல்லிச் சொல்லியே அவரைக் கிளப்பினாள். நேற்று ஒரே பகலில் கடற்கரைச் சாலை, கடைத்தெரு, மசூதி, மாதா கோவில் என்று இழுத்தடித்தாள். எதன் முன்னாலும் அவளால் நிற்க முடியவில்லை. ஒன்றைப் பார்க்கும்போதே அடுத்தது கைநழுவிப் போய்விடும் என்று ஒரு பதைப்பு.

காரை அவள்தான் ஓட்டினாள். மலை ஏற ஏற நசீப் தாடையைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

“என்ன பண்ணுது?”

“பல் வலிக்குது.”

ஹில்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஊருக்கே பல் கட்டினவனுக்குப் பல்வலியா! வெளியில சொல்லிடாத, மானம் போயிடும்.”

அவரும் சிரித்தார். பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டு முகத்தைக் காற்றில் வைத்துக்கொண்டார்.

பெக்கா சமவெளியில் இறங்கியதும் முதல் ஒயின் தோட்டத்தில் அவள் மூன்று கோப்பையிலும் ஒவ்வொரு வாய் வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். “மருந்து குடிக்கிற மாதிரி குடிக்கிறியே” என்றார் நசீப். அவர் கோப்பையைத் தொடவில்லை. வெயில் என்றார்.

இரண்டாவது தோட்டத்தில் குன்றுக்கு அடியில் பாறையைக் குடைந்த நிலவறை இருந்தது. தோட்டத்துக்காரர் வீட்டு மருமகள் ருலா, கலகலப்பான பெண், வந்தவர்களைக் கூட்டிப்போகத் தன் மைத்துனனை அனுப்பினாள். நசீப் பந்தலுக்கு அடியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“படிக்கட்டு நிறைய இருக்கு போல. நீ போய்ட்டு வா. ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பாரு.”

“வந்ததும் கிளம்பிடணும். பால்பெக் கோவில் இன்னும் பாக்கி இருக்கு.”

உள்ளே குளிர் முகத்தில் வந்து அப்பியது. பீப்பாய்கள் இருட்டுக்குள் வரிசையாகப் போயின. கூட வந்தவர்கள் படம் பிடித்துக்கொண்டு மேலே போய்விட்டார்கள். ஹில்டா போகவில்லை. பாறையில் உள்ளங்கையை வைத்தாள், ஈரமாக இருந்தது. மேலே அத்தனை வெயில், இங்கே ஒரு சத்தமும் இல்லை. அடுத்து எங்கே என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. எவ்வளவு நேரம் நின்றாள் என்று பிறகு எத்தனை யோசித்தும் அவளால் சொல்ல முடியவில்லை.

படியேறி வந்தபோது பந்தலுக்கு அடியில் கூட்டமாக இருந்தது. நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. ருலா மண்டியிட்டு நசீப்பின் மார்பை அழுத்திக்கொண்டிருந்தாள், தலைமுடி முகத்தில் விழ. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து அவளை விலக்கிவிட்டுத் தாங்களும் வெகுநேரம் முயன்றார்கள். கடைசியில் ஒருவன் எழுந்து ஹில்டாவைப் பார்க்காமலே கையுறையைக் கழற்றினான்.

ஹில்டா உட்காரவில்லை. அவருடைய ஒரு காலில் செருப்பு இல்லை. தேடி எடுத்து வந்து மாட்டிவிட்டாள். சட்டைப் பொத்தான்களைப் போட்டாள். கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்தினாள். மேஜையிலிருந்த கோப்பைகளை அடுக்கத் தொடங்கினாள்.

“மதாம், அதை விடுங்க. உக்காருங்க.”

“என்ன சொன்னார்?”

ருலா அவள் கையிலிருந்த கோப்பையை வாங்கப் பார்த்தாள்.

“உன்கிட்டதானே கடைசியாப் பேசினார். என்ன சொன்னார், சொல்லு.”

“ரொம்ப வேர்த்துது அவருக்கு. தண்ணி கேட்டார். உங்களைக் கூட்டிட்டு வரவான்னு கேட்டேன். வேண்டாம்னார்.”

“வேண்டாம்னா விட்டுடுவியா? மனுஷன் வேர்த்துக் கொட்டறான், கீழ பொண்டாட்டி நிக்கிறா, ஒரு சத்தம் போடத் தெரியாதா உனக்கு?” கையில் கோப்பையோடே அவள் பக்கம் ஓர் அடி வைத்தாள். “நாலு படி இறங்கினா வந்திருப்பேனே!”

“நான் இறங்கினேன் மதாம்.” ருலாவின் கண் நிறைந்துவிட்டது. “பாதிப் படி இறங்கிட்டேன். அவர்தான் திரும்பக் கூப்பிட்டார். மத்தவங்க எல்லாம் வந்தாச்சு, அவ மட்டும் இன்னும் வரல பாரு, அப்படின்னார். அவ எங்கயும் நிக்கமாட்டா, இன்னிக்குத்தான் நிக்கிறா, விடும்மா, பார்க்கட்டும்னார். சிரிச்சுட்டேதான் சொன்னார். அதனாலதான் நான் பெருசா எடுத்துக்கல.”

ஹில்டா கோப்பையை மேஜையில் வைத்தாள். ருலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுத்தி அழுத்தி உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது. வெகுநேரம் அதை விடவில்லை.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். காலையிலிருந்து தாடையில் வலி என்றாரா என்று மட்டும் டாக்டர் கேட்டார். பத்ரூனில் இருக்கும் கொழுந்தனுக்குப் போன் செய்து வீட்டைத் திறந்து வைக்கச் சொன்னாள். காரை வேறு யாராவது ஓட்டட்டும் என்று ருலாவின் மைத்துனன் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. ஆம்புலன்ஸுக்குப் பின்னால் அவளே ஓட்டிவந்தாள்.

மலை உச்சியில் மூடுபனி இறங்கியிருந்தது. விடுமுறை முடிந்து திரும்பும் வண்டிகள் இரண்டு வரிசையாக அடைத்துக்கொண்டு நின்றன. ஆம்புலன்ஸ்காரன் இறங்கி வந்து அவள் கண்ணாடியைத் தட்டினான்.

“அம்மா, இப்படியே போனா ராத்திரி ஆயிடும். சைரன் போட்டா வழி விட்டுடுவாங்க. போடட்டுமா?”

ஹில்டா முன்னால் நிற்கும் வண்டிகளைப் பார்த்தாள்.

“வேண்டாம் தம்பி. மெதுவாவே போங்க.”

அவன் திரும்பிப் போய் ஏறிக்கொண்டான். வரிசை கொஞ்சம் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. வலப்பக்கத்திலிருந்து ஒரு கார், கூரையில் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு, ஆம்புலன்ஸுக்கும் அவளுக்கும் நடுவில் மூக்கை நுழைக்கப் பார்த்தது. ஹில்டா ஹாரனை அழுத்தவில்லை. ஆம்புலன்ஸின் பின்கதவை உரசிவிடும் அளவுக்குத் தன் காரை முன்னே கொண்டுபோய் நிறுத்தினாள்.