முனவ்வர் பெரியம்மா கண்ட பஸ்

ஜெர்மனியில் துருக்கிக்காரர்கள் நிறைந்த எங்கள் மார்க்ஸ்லோவில் யாருக்குக் கல்யாணம் பேசினாலும் முதல் தகவல் முனவ்வர் பெரியம்மாவுக்குத்தான் போகும். பெண்ணின் பெயரையும் பையனின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பெரியம்மா, இறைவனிடம் வழி கேட்கிற இஸ்திகாரா தொழுதுவிட்டு, சீட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுப்பார். கனவில் பச்சை வந்தால் நிக்காஹ். கறுப்பு வந்தால் பையன் வீட்டுக்கு ஒரு டப்பா பக்லாவா இனிப்பும் மன்னிப்பும்.

பெரியம்மாவுக்கு பிஸ்கட் ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட். அதனால் கனவெல்லாம் காலை ஒன்பதுக்கும் மதியம் இரண்டுக்கும் நடுவில்தான் வரும். பகலில் கண்டது செல்லுமா என்று ஒருமுறை பெரிய சண்டையே நடந்தது. துருக்கியில் செல்லாது, ஜெர்மனியில் செல்லும் என்று பள்ளிவாசல் தேநீர்க்கூடத்துப் பெண்கள் கூடி முடிவெடுத்தார்கள்.

நான் ஷுக்ரான். வயது இருபத்தாறு, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கல்யாண வீடுகளில் மற்ற பெண்கள் மாப்பிள்ளைத் தோழர்களைப் பார்த்துக் கிசுகிசுக்கும்போது எனக்கு மட்டும் ஏன் கொட்டாவி வருகிறது என்று பதினான்கு வயதிலேயே புரிந்துவிட்டது. புரிந்த அன்றைக்கு வாயை மூடியவள்தான். நான் என்ன சாப்பிட்டேன் என்பதுகூட மளிகைக்காரருக்குத் தெரிகிற ஊரில் வேறென்ன செய்வது?

மூன்று வருடமாக துலாயும் நானும் காதலிக்கிறோம். அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். ஊருக்கு நாங்கள் உயிர்த்தோழிகள். இரண்டு பெண்கள் எந்நேரமும் ஒட்டிக்கொண்டு திரிந்தால் அதைவிட ஒழுக்கமான காட்சி எங்கள் ஆட்களுக்குக் கிடையாது. "பாரு, ஷுக்ரான் எந்தப் பையனையும் ஏறெடுத்துப் பாக்க மாட்டா" என்று என்னை உதாரணம் காட்டி மற்ற பிள்ளைகளைத் திட்டுவார்கள். அந்தப் பிள்ளைகளிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

முதல் வரன் வந்தபோது பெரியம்மா கண்ட கனவு இது: எங்கள் வீட்டு வாசலில் ஒரு பச்சை பஸ் நிற்கிறது. டிரைவர் இறங்கி வந்து என் பெட்டியைத் தூக்கி வைத்துக்கொள்ள, நான் ஏறிப் போய்விடுகிறேன். சீட்டில் பெயர் இருந்த பையன் நிறுத்தத்தில் கையாட்டிக்கொண்டு நிற்கிறான், பஸ் அவனுக்கு நிற்கவே இல்லை. இரண்டாவது வரனுக்கும் அதே பஸ். மூன்றாவதுக்கும் அதேதான், கூடுதலாக டிரைவர் சிரித்தாராம், வலப்பக்கம் தெத்துப்பல்லாம்.

"பையன் போக்குவரத்துத் துறை. பச்சை, பளிச்சுனு பச்சை!" என்று பெரியம்மா தீர்ப்பு சொல்லிவிட்டார். அடுத்த இரண்டு மாதத்தில் மூன்று பஸ் டிரைவர்கள் எங்கள் வீட்டில் தேநீர் குடித்தார்கள். பெரியம்மா எதிரில் உட்கார்ந்து ஆளாளுக்கு நகைச்சுவை சொல்லிச் சிரிக்கவைத்து வாய்க்குள் எட்டிப் பார்த்தார். ஒருவருக்கு எல்லாமே கட்டிய பல்.

நான்காவது வரனுக்குக் கண்ட கனவில் டிரைவரின் முகமே தெரிந்துவிட்டது. ஷிஃப்ட் முடிந்து தூங்கி எழுந்த கையோடு, தேநீர்க்கூடத்தில் அத்தனை பேர் முன்னால் பெரியம்மா போட்டு உடைத்தார்.

"அந்த டிரைவர் நம்ம துலாய்டீ!"

என் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன். எல்லாம் முடிந்தது, இன்றோடு நான் ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான் என்று நினைத்தேன். பெரியம்மா கண்ணை மூடி யோசித்தார். பிறகு தொடையில் ஒரு தட்டு தட்டினார்.

"மக்கு ஜனங்களா, என்ன முழிக்கிறீங்க? நான் ஹஜ்ஜு செஞ்ச பொம்பளை. என் கனவுல அந்நிய ஆம்பளை மூஞ்சியைக் காட்டுவானா அல்லாஹ்? மரியாதையா தங்கச்சியை அனுப்பி வெச்சிருக்கான். அவளுக்கு அண்ணன் ஒருத்தன் இருக்கானுல்ல?"

கூடம் முழுக்க "மாஷா அல்லாஹ்!" என்றது. எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

துலாயின் அண்ணன் செய்ஃபி கொலோன் நகரத்தில் குளியல் தொட்டி விற்கிறான். நல்லவன். யார் எதைச் சொன்னாலும் சரி என்பான். இதற்கும் சரி என்றான். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக முடிவானது.

சனிக்கிழமை மதியம் கடைசி நிறுத்தத்தில், காலி பஸ்ஸில் துலாயின் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

"ஒரு வகையில பாத்தா நல்லதுதான், ஷுக்ரான். ஒரே வீட்டுல இருக்கலாம்."

"உங்கண்ணன் பக்கத்துல படுத்துக்கிட்டா? புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

அவள் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "பயத்துல உளர்றேன். உங்கம்மாகிட்ட சொல்லிடலாமா?"

"சொன்னா அம்மா போயிடுவா. சொல்லலேன்னா நீ போயிடுவே."

அதற்குமேல் இருவரும் அழுதோம். ஒரு கிழவர் வந்து கண்ணாடியைத் தட்டி, பஸ் கிளம்புமா கிளம்பாதா என்று கேட்டார்.

எங்கள் வழக்கத்தில், பெண் பார்க்க வந்தால் பெண்தான் காபி போட வேண்டும். எல்லோருக்கும் சர்க்கரை, மாப்பிள்ளையின் கோப்பையில் மட்டும் உப்பு. அவன் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டால் சம்பந்தம் உறுதி. அடுத்தது மோதிரம்தான்.

ஞாயிறு மூன்று மணிக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் செய்ஃபியும் அவன் பெற்றோரும் துலாயும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மா நடுநாயகமாக இருந்தார். நான் சமையலறையில் ஆறு கோப்பைக்கும் சர்க்கரையைப் போட்டுவிட்டு நின்றேன். அம்மா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"உப்பு போட்டியா?"

"போடல."

"ஏன்?"

"முடியாதும்மா. செய்ஃபி நல்லவன்தான். ஆனா என்னால முடியாது. நீ அடிச்சாலும் சரி, வீட்டைவிட்டுத் துரத்தினாலும் சரி."

"உன்னை எப்பம்மா நான் அடிச்சேன், கழுதை?" அம்மா உப்பு டப்பாவை எடுத்தாள். அந்த ஆறில் காது உடைந்த கோப்பையில் ஒரு கரண்டி, இரண்டு, மூன்று என்று போட்டுக் கலக்கினாள்.

"அம்மா, வேணாம்மா, கெஞ்சிக் கேக்கறேன்..."

"வாயை மூடிக் கேளு. நாலு வரனுக்கும் முதல்ல தொழுதுட்டுப் படுத்தது நான்தான். எனக்கும் அந்த பஸ்தான் வந்துச்சு. எனக்கு முத தடவையே மூஞ்சி தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் பெரியம்மாகிட்ட சீட்டு குடுத்தே?"

"வேற யாருக்காவது வேற ஏதாவது வராதான்னு பாத்தேன்டீ. வரல." அம்மா தலைத்துணி முனையால் மூக்கைத் துடைத்தாள். "பயமாயிருக்கு. நாளைக்கு ரொட்டிக் கடைக்கு எந்த மூஞ்சியோட போவேன்னு தெரியல. தட்டைத் தூக்கு, ஆறிடப்போவுது."

"இந்தக் காது உடைஞ்சது யாருக்கு?"

"அதை என்னையா கேக்கறே?"

கூடத்துக்கு எப்படி நடந்தேன் என்று நினைவில்லை. வரிசையாகக் கொடுத்தேன். செய்ஃபி கண்ணை இறுக்கி மூடி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ஏமாந்த குழந்தை மாதிரி விழித்தான். "இனிப்பா இருக்கு" என்று புகார் செய்தான்.

"என்னது, எம் பையனை வேணாம்ங்கறாளா?" என்று அவன் அம்மா எழுந்தே விட்டாள்.

அப்போதுதான் துலாய் முதல் வாய் குடித்தாள். கண்ணில் தண்ணீர் குபுக்கென்று வந்தது. என்னைப் பார்த்தாள், என் அம்மாவைப் பார்த்தாள். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு, அவசரப்படாமல், அடியில் தங்கிய மண்டிவரை குடித்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. எனக்கு அவளை அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"அப்ப உப்பு யாருக்குப் போச்சு?" என்றார் பெரியம்மா.

"உங்க கனவுல யார் வந்தாளோ அவளுக்கு" என்றாள் அம்மா.

பெரியம்மா வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்து, "அதாவது, அண்ணனுக்குப் பதிலா தங்கச்சி..." என்று ஆரம்பித்தார்.

"அக்கா, காபியைக் குடிங்க."

பெரியம்மா குடித்தார். கனவுக்கு அவரால் விளக்கம் சொல்ல முடியாமல் போனதை நான் அன்றுதான் பார்த்தேன். பாரம் இறங்கியது மாதிரி செய்ஃபிக்கு முகமெல்லாம் வெளிச்சம், இன்னொரு கோப்பை கிடைக்குமா என்று கேட்டான். அவன் அம்மா கைப்பையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அம்மா துலாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்து தன் தண்ணீர் கிளாஸை நீட்டினாள்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாயிருந்துச்சு, மாமி."

"பொய் சொல்லாதே, குடி." பிறகு எனக்கும் அவளுக்கும் மட்டும் கேட்கிற மாதிரி அம்மா சொன்னாள்: "அடுத்த தடவை வரும்போது பஸ்ஸை வாசல்ல நிறுத்தாதே. ஜனங்க பாப்பாங்க. பின்பக்கமா வா."

துலாய் தலையாட்டிவிட்டுத் தண்ணீரைக் குடித்தாள்.