கட்டிலுக்கு எதிரே ஒரு கேமரா

லாரி மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டதிலிருந்து ஸ்டான்லி யாருக்கும் முகம் காட்டவில்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு நாலு மாநிலத்துக்கு வண்டி ஓட்டியவன். பார்க்க வந்த சக டிரைவர்களைக்கூட, "தூங்குறாருன்னு சொல்லிரு" என்று மனைவியை விட்டு வாசலோடு திருப்பி அனுப்பினான். படுத்த இடத்திலேயே எல்லாம் நடக்கிற உடம்பை ஒருத்தன் பார்த்துவிட்டால், அப்புறம் எழுந்து நடந்து என்ன பிரயோசனம் என்பது அவன் நினைப்பு. வீம்புதான். ஆனால் அவனிடம் அப்போது மிச்சம் இருந்தது அந்த வீம்பு ஒன்றுதான்.

அதனால் மனைவி இசைவாணி கேமரா வாங்கி வந்த அன்று வீட்டில் ஒரே ரகளை.

"ஜவுளிக்கடையில நின்னுக்கிட்டு நாள் பூரா உங்களையே நெனச்சுக்கிட்டு இருக்கவா? போன்ல பாத்தா ஒரு நிம்மதிங்க. அதுலயே பேசவும் செய்யலாம்."

"உன்னத் தவிர எவனும் பாக்க மாட்டான்ல?"

"எவன் பாக்கப் போறான், இந்த மூஞ்சிய?"

சிரித்துவிட்டான். சிரித்தால் தோற்றது மாதிரிதானே. கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மா குர்ஷித் பேகத்தின் மகன் மன்சூர் செல்போன் கடை வைத்திருக்கிறான். அவனே மேலே வந்து கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டிக்கொடுத்தான். உருண்டையாக ஒரு தலை. போனில் விரலைத் தள்ளினால் அந்தத் தலை திரும்பித் திரும்பிப் பார்க்கும்.

"மறக்காம பாஸ்வேர்டு மாத்திருங்கக்கா" என்றான்.

"புதுசு வச்சா எனக்கு மறந்துபோகும்பா. அப்பறம் பாத்துக்கலாம்."

இத்தனைக்கும் வாசலுக்குக் கடை கடையாக ஏறி இறங்கி, திண்டுக்கல்லிலேயே கனமான பூட்டாகப் பார்த்து வாங்கியவள். ஸ்டான்லி எழுந்து வந்து கதவைத் திறக்க முடியாது என்பதால் வெளியே பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். இன்னொரு சாவி பேகத்திடம் இருக்கும். அம்புட்டுப் பெரிய பூட்டைத் தொங்கவிட்டவள் கேமராவை மட்டும் டப்பாவில் வந்தபடியே விட்டுவிட்டாள். அவளைக் குறை சொல்ல நம்மில் எத்தனை பேருக்கு யோக்கியதை இருக்கிறது?

காலையில் கிளம்புமுன் வெந்நீரில் அவன் உடம்பைத் துடைத்துவிடுவாள். அந்த நேரம் கேமரா மேல் ஒரு துண்டைப் போட வேண்டும் என்பது ஸ்டான்லி போட்ட நிபந்தனை. அவசரத்தில் சில நாள் மறந்துவிடுவாள். தவிர, கேமராவுக்கு ஒரு கிறுக்கும் இருந்தது. சில நாள் கடையிலிருந்து போனைத் திறந்தால் ஸ்டான்லி தெரிய மாட்டான், வெறும் சுவர்தான் தெரியும். யாரும் தொடாமலே தலை திரும்பியிருக்கும். "மோட்டார் கோளாறா இருக்கும்க்கா" என்றான் மன்சூர்.

ஒருநாள் அவளுடைய பேட்டரி ஸ்கூட்டரில் சார்ஜ் இறங்கிப் போயிருந்தது. பேட்டரியைக் கழற்றி மேலே கொண்டுவந்து, கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் சார்ஜ் போட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் போனாள். வலி மாத்திரை போட்டிருந்த ஸ்டான்லி மதியம் அசந்து தூங்கினான்.

ஒரு குரல் அவனை எழுப்பியது. ஆண் குரல், தொண்டை கிழியக் கத்தியது. தெலுங்கு இல்லை, கன்னடம் இல்லை, இந்தி இல்லை. வண்டி போன எந்த ஊரிலும் அவன் காதில் விழாத பாஷை. செத்துவிட்டோம், தேவதூதர்தான் கூப்பிடுகிறார் என்றே முதலில் நினைத்தான். குரல் கேமராவிலிருந்து வருவது பிறகுதான் புரிந்தது. அதன் தலை அவனைப் பார்ப்பதும் தலைமாட்டைப் பார்ப்பதுமாகத் துடித்துக்கொண்டிருந்தது. கழுத்தை வளைத்துப் பார்த்தான். பேட்டரி உப்பிப் பிளந்து புகையைக் கக்கிக்கொண்டிருந்தது.

கால் நகராது. கதவு வெளியே பூட்டு. கைக்கு எட்டிய சொம்பை எடுத்துத் தரையில் ஓங்கி ஓங்கி அடித்தான். இவன் அடிக்க, அந்தக் குரல் கத்த, கீழே இருந்த பேகம் "யா அல்லா!" என்று சாவியோடு ஓடிவந்தார். பின்னாலேயே, மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த மன்சூர். இரண்டு பேருமாக மெத்தையோடு சேர்த்து அவனை வாசலுக்கு வெளியே இழுத்துப் போட்டதுதான் தாமதம், உள்ளே பேட்டரி வெடித்தது. அவன் தலை இருந்த இடத்தில் கட்டில் எரிந்தது.

தீயை அணைத்து, சுவரைக் கழுவி, வயரை மாற்றி, வேறு கட்டில் போட்டு, பேகம் வீட்டில் படுக்கவைத்திருந்த அவனை மறுபடி மேலே கொண்டுவந்த பிறகுதான் இசைவாணி ஓரிடத்தில் உட்கார்ந்தாள்.

"டப்பாவுல வந்த பாஸ்வேர்டு எல்லாருக்கும் தெரிஞ்சதுக்கா. எந்த நாட்டுல இருந்தும் எவனும் தொறந்து பாக்கலாம்" என்றான் மன்சூர்.

"அப்ப எம்புட்டு நாளா நம்ம வீட்டப் பாத்துக்கிட்டு இருந்தானோ? அவனக் கையெடுத்துக் கும்பிடுறதா, செருப்பக் கழட்டுறதா?"

ஸ்டான்லிக்கும் தெரியவில்லை. சிநேகிதர்களிடம் மறைத்த உடம்பை எவனோ பார்த்திருக்கிறான் என்று நினைத்தால் கூசியது. ஆனால் கூச்சத்தையும் மீறி ஆச்சரியம்தான் வந்தது. பேர் தெரியாது, ஊர் தெரியாது, அவன் இருக்கும் இடத்தில் அப்போது பகலா ராத்திரியா என்றுகூடத் தெரியாது. திருட்டுத்தனமாக எட்டிப் பார்த்தவன் மாட்டிக்கொள்வோம் என்று பேசாமல் இருந்திருக்கலாம். கத்தினானே!

"இவன் நல்லவனாவே இருக்கட்டும். நாளைக்கு வாரவன்?" என்றாள் இசைவாணி. மன்சூர் பாஸ்வேர்டை மாற்றுவதற்காகக் கேமராவுக்குக் கரண்ட் கொடுத்தான்.

செத்த நேரத்தில் யாரும் தொடாமலே அதன் தலை அசைந்தது. கருகிய சுவரைப் பார்த்தது, கதவைப் பார்த்தது, தேடித் தேடி வந்து புதுக் கட்டிலில் நின்றது.

ஸ்டான்லி முழங்கையை ஊன்றி, வலியோடு எம்பி, அதற்கு நேராகத் தன் முகத்தைக் காட்டினான்.

"ஏய்யா, நீ யாரோ எவரோ. நான் உசுரோட இருக்கேன்யா" என்று கைகூப்பினான்.

கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்த தலை, மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றது.

இசைவாணி அவன் தோளைப் பற்றினாள். "ஏங்க... நான் துண்டு போட மறந்த அன்னைக்கெல்லாம்தாங்க இது இப்பிடித் திரும்பி நின்னுச்சு."

மன்சூர் போனில் விரலை வைத்தபடி அவளையே பார்த்தான்.

"செத்த பொறு மன்சூர்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சுவரோரம் போனாள். அந்தப் பக்கம் திரும்பியிருந்த தலைக்குப் பின்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"இப்ப மாத்து."