இடது கண் குணமான கதை

லென்ஸின் பவரை அளக்கும் கருவி கடைக்குப் புதிதாக வந்திருந்தது. கை பழகுவதற்கு இருபது கண்ணாடிகளையாவது அளந்து பார்க்கச் சொல்லிவிட்டுக் கணவன் டெலிவரிக்குப் போயிருந்தான். வாடிக்கையாளர்கள் விட்டுச்சென்ற பழைய கண்ணாடிகளில் பத்தொன்பதுதான் தேறின. இருபதாவதற்காக அவள் மாடியறைக்குச் சென்று, அலமாரியில் துணிகளுக்கு அடியில் அவன் பத்திரப்படுத்தியிருந்த சிவப்புப் பெட்டியை எடுத்து வந்தாள். உள்ளே இருந்தது அவளுடைய பழைய கண்ணாடி. எட்டாண்டுகளுக்கு முன் அவன் தன் கையாலேயே பொருத்திக் கொடுத்தது.

வலப்பக்க லென்ஸ் பூஜ்யம் காட்டியது; குறை இடது கண்ணில் மட்டும் என்பதால் அவள் எதிர்பார்த்ததுதான். இடப்பக்கமும் பூஜ்யம் காட்டியது.

லென்ஸைத் துடைத்தாள். கருவியை அணைத்து மறுபடி இயக்கினாள். பத்தொன்பது கண்ணாடிகளுக்குச் சரியாகச் சொன்ன கருவி இருபதாவதற்கு மட்டும் பொய் சொல்ல முகாந்திரமில்லை.

அந்நாளில் அவள் எதிர்ச்சாரியிலிருந்த ஜெராக்ஸ் நகலகத்தில் வேலை பார்த்தாள். இந்தக் கண்ணாடிக் கடையிலிருந்த அவனோடு பேச்சுப் பழக்கம் இருந்தது. ரயில் ஓட்டுநர் பணிக்கான எழுத்துத் தேர்வில் தேறி, உடற்தகுதிச் சோதனைக்குப் பத்து நாள் இருக்கையில், கண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்ள இங்கு வந்தாள். சோதனைச் சட்டகத்தை அவள் மூக்கில் மாட்டி, இடப்பக்கம் ஏதோ ஒரு லென்ஸைச் செருகினான். எழுத்துகள் கரைந்தன. நரம்பு பலவீனம், ஆரம்ப நிலை என்று சொல்லி இந்தக் கண்ணாடியைக் கொடுத்தான். கண்ணாடி இல்லாமலும் தெரிகிறதே என்று கேட்டதற்கு, ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்றான். அங்கே போய் அவமானப்பட வேண்டாம் என்று அவள் சோதனைக்குப் போகவில்லை. அழுதபோது அவனும் உடன் அழுதான். அந்த அழுகையை நம்பித்தான் அவள் அவனை மணந்தாள். மணமான இரண்டாம் ஆண்டில் கண் குணமாகிவிட்டதாக அவனே அறிவித்தான். காதலே மருந்தானதென்று அந்தக் கதையை வாடிக்கையாளர்களிடம் ஓயாமல் சொல்லிவந்தவளும் அவள்தான்.

கல்லாவிலிருந்த நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்து எழுந்து வந்தாள்.

"என்ன அண்ணி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"இதுல பவரே இல்ல."

நாத்தனார் கண்ணாடியைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "அடக் கடவுளே, இது இன்னும் இருக்கா? அண்ணி, வீட்ல எல்லாருக்கும் தெரியும். நீங்க ஊரை விட்டுப் போயிடுவீங்கன்னு அண்ணன் மூணு நாள் சோறு தண்ணி இல்லாம கெடந்தான். அப்பாதான் திட்டினாரு, கடைப் பேரைக் கெடுக்காதடான்னு. உங்களுக்காக என்ன கூத்தெல்லாம் அடிச்சிருக்கான் பாருங்க. என் வீட்டுக்காரரும் இருக்காரே, நான் தும்மினாக்கூடத் திரும்பிப் பாக்க மாட்டாரு."

அந்தப் பேச்சில் பொறாமைதான் இருந்தது. அதுவே அவளை அதிகம் அச்சுறுத்தியது. இந்த வீட்டில் யாரிடம் முறையிட்டாலும் அது அவன் காதலுக்கு எழுதித் தரப்படும் இன்னொரு சான்றிதழாகவே முடியும்.

கணவன் வந்ததும் அவனைச் சோதனை அறைக்குள் அழைத்துத் திரையை இழுத்தாள். ஒரு நாற்காலியும் ஒரு முக்காலியும் போட்டால் நிறைந்துவிடும் அறை அது, முழங்கால்கள் இடித்துக்கொண்டன. கண்ணாடியை அவன் மடியில் வைத்தாள்.

அவன் மறுக்கவில்லை. "சொல்லணும்னுதான் இருந்தேன். நீ சிரிச்சுடுவேன்னு நெனச்சேன்."

"சிரிக்கிறதுக்கு இதுல என்ன இருக்குங்க?"

"நீ போயிருந்தா திரும்பி வந்திருக்க மாட்ட. பயந்துட்டேன்மா."

"கூட உக்காந்து அழுதீங்களே?"

"அது நெஜம். சத்தியமா நெஜம்."

அவள் அதை நம்பினாள். தான் பறித்ததற்காகத் தானே அழுதிருக்கிறான். காதல் என்று இத்தனை காலம் அவள் பெயரிட்டிருந்தது அந்தப் பறிப்பும் அந்த அழுகையும் ஒன்றாகக் குடியிருக்கக்கூடிய ஓர் இடமாக இருந்திருக்கிறது. பொய்யைக் கழித்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாமென்றால், எது எங்கே முடிகிறதென்று தெரியவில்லை.

"விட்டுட்டுப் போயிடுவியா?"

"எங்க போறது? அந்த வேலைக்கு முப்பது வயசு வரைக்கும்தான். எனக்கு முப்பத்திமூணு. நகலகம் மூடியாச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒரே தொழில் நீங்க கத்துக்குடுத்தது."

"அப்போ இருக்கேன்னு சொல்றியா?" அவன் குரலில் நிம்மதி தெரிந்தது.

அவள் எழுந்தாள். மாடியறைக்குப் போய்ப் படுக்கலாமென்றால் அதன் படிக்கட்டும் கடைக்குள்ளிருந்துதான் ஏறுகிறது. இறங்கி வந்தால் மறுபடி இதே கடை.

திரைக்கு வெளியே நாத்தனார் இருமினாள். "அண்ணே, ஆள் காத்திருக்காங்க. கொஞ்சினது போதும்."

கல்லூரி மாணவி ஒருத்தி உள்ளே வந்து நாற்காலியில் அமர்ந்தாள். கணவன் சோதித்தான். திரையோரம் நின்று அட்டையில் குறித்துக்கொள்வது வழக்கம்போல் அவள் வேலை.

"வலது கண்ல லேசா இருக்கும்மா. கால் பவர். இடது சரியா இருக்கு."

அவள் எழுதாமல் அவனைப் பார்த்தாள். "இன்னொரு தடவை நான் பாத்துடறேன். எழுந்திரிங்க."

"நான்தான் பாத்துட்டேனே."

"எழுந்திரிங்க."

அவன் வெளியேறினால்தான் அவள் நுழைய முடியும். வெளியேறினான்.

"ரெண்டு தடவையாக்கா பாப்பீங்க?" என்றாள் மாணவி.

"இங்க இனிமே அப்படித்தான்."

ஒவ்வொரு லென்ஸாகச் செருகி, எடுத்து, மறுபடி செருகிப் பார்த்தாள். வலது கண்ணில் கால் பவர். இடது கண் சரியாக இருந்தது.

"நான் சொன்னதுதானே?" என்று திரைக்கு அப்பாலிருந்து அவன் கேட்டான்.

அவன் சொன்னது சரிதான். அதை அட்டையில் எழுதும்போது அவளுக்கு எந்த ஆறுதலும் இல்லை. இந்த முறை சரியாக இருந்ததால் அடுத்த முறை சோதிக்காமல் விட்டுவிட முடியாது. அதற்கடுத்த முறையும் முடியாது. திரையை விலக்கினாள். வெளியே பெஞ்சில் இன்னும் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.