புதுப் பெயிண்ட் பூசிய தளபதி

வார்னிஷ் அடித்தபோது மழை பெய்துகொண்டிருந்தது. கிளெம் செய்த தப்பு அதுதான். ஈரக் காற்றில் ஸ்பிரே வார்னிஷ் அடித்தால் ஈயச் சிப்பாய் வெளுத்துப்போவான் என்பது இங்கிலாந்தின் ஹக்னல் ஊரில் மேசைமேல் போர் ஆட்டம் ஆடப் பொம்மைப் படை வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். கிளெமுக்கும் தெரியும். ஆனால் மத்தியானம் ஆட்டம், மழை விடுகிற மாதிரி இல்லை. கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு டப்பாவைக் குலுக்கி அடித்துவிட்டான்.

அடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனான். திரும்பி வந்து பார்த்தபோது, கட்டைவிரல் கணு உயரத்தில் நின்ற அந்தத் தளபதியின் முகத்தில் வெள்ளை பூத்திருந்தது. கன்னம், நெற்றி, கண் எல்லாம் பிணத்துக்கு மாவு பூசிய மாதிரி இருந்தது. அது வில்ஃபின் முகம்.

அவர்களுடைய போர் ஆட்ட மன்றத்தில் அது வழக்கம். புதிதாகச் சேர்கிறவனின் தளபதிக்கு அவன் முகத்தையே வரைய வேண்டும். அதை அவனே வரையக் கூடாது, கூட்டாளிதான் வரைய வேண்டும். நிலக்கரிச் சுரங்கம் மூடிய வருஷம் வில்ஃபும் கிளெமும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். வில்ஃபின் கார்த்தேஜ் யானைப்படைத் தளபதிக்குக் கிளெம்தான் முகம் வரைந்தான். பெரிய மூக்கு, ஒரு பக்கம் ஏறிய புருவம். ஆட்டத்துக்கு ஆட்டம் கைபட்டு இப்போது அந்த மூக்கில் பெயிண்ட் உரிந்துவிட்டது. ‘மூக்கை மட்டும் சரி பண்ணிக் குடுடா, செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறேன், மூக்கில்லாம விட்டுட்டுப் போக மனசு வரல’ என்று வில்ஃப்தான் கேட்டிருந்தான். செவ்வாய்க்கிழமை அவன் நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுக்கப் போகிறார்கள்.

மூக்கை மட்டும்தான் தொட நினைத்தான். இப்போது முழு முகமும் போய்விட்டது. வெளுத்ததைச் சுரண்டினால் அடியில் இருந்த பழைய பெயிண்டும் சேர்ந்து வந்தது. வேறு வழியில்லை. தலைமுதல் கால்வரை புதிதாகப் பூசினான். சுரங்கம் மூடும்வரை நிலக்கரி வெட்டியும் இப்போது கிடங்கில் மூட்டை ஏற்றியும் காய்த்துப்போன விரல்கள்தான், என்றாலும் தூரிகையைப் பிடித்தால் நடுங்காது. கடைசிப் புருவத்தை இழுக்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது.

புதுப் பெயிண்ட்.

புதிதாகப் பூசிய சிப்பாய் முதல் ஆட்டத்திலேயே சாவான். இதைச் சொல்லிச் சிரிக்காத ஆட்டக்காரன் கிடையாது. இதை நம்பாத ஆட்டக்காரனும் கிடையாது. புதுப் படையை முதலில் ஒரு உப்புச்சப்பில்லாத ஆட்டத்தில் சாகவிட்டு, தோஷம் கழித்த பிறகுதான் நல்ல ஆட்டத்துக்குக் கொண்டுவருவார்கள். அதற்கு நேரமில்லை. கிளெம் தளபதியைப் பஞ்சில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மழையில் நடந்தான்.

சுரங்கத் தொழிலாளர் மன்றக் கூடத்தில் மேசைகள் நிறைந்திருந்தன. புதிதாய் வருகிறவன் முதலில் ரோமாபுரிப் படைதான் கேட்பான், சிவப்புக் கேடயம் வரிசையாக நின்றால் கண்ணுக்கு அழகு. அப்புறம் அலெக்சாண்டரின் நீண்ட ஈட்டிகள் மேல் ஆசை வரும். பிறகு யானை. யானை ஆசை வந்தவன் கார்த்தேஜை விட்டு வெளியே வரமாட்டான். ஒரு மூலையில் வைக்கிங்குகளும் ஜப்பான் சாமுராய்களும் மோதிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் வேண்டாத ஸ்காட்லாந்து ஈட்டிக்காரர்கள் கிளெமுடையவர்கள். மெதுவாக நகர்வார்கள், கூட்டமாகத் தோற்பார்கள். ஹானிபல் காலத்து யானைக்கும் அவர்களுக்கும் ஆயிரத்தைந்நூறு வருஷ இடைவெளி என்பதெல்லாம் அந்த மேசையில் ஒரு பொருட்டில்லை.

வில்ஃப் ஏற்கெனவே வந்து, புதினாச் சாறு ஊற்றிய பட்டாணிக் கூழைக் கிளறிக்கொண்டிருந்தான். சாப்பிடவில்லை.

“என்ன இளவட்டம், எங்கடா என் மூஞ்சி?” என்றான். அந்தப் பக்கத்து ஊர்களில் தலை நரைத்தவர்கள்கூட ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கிளெம் பஞ்சைப் பிரித்தான். பக்கத்து மேசையில் மங்கோலியக் குதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த பெரில் எட்டிப் பார்த்தாள். அந்த ஊரில் யாரையும் செல்லமாக ‘வாத்தே’ என்றுதான் கூப்பிடுவார்கள்; பெரிலுக்கு எல்லாரும் வாத்துதான், பாதிரியார் உட்பட.

“வாத்தே, பளபளன்னு இருக்கே! மூக்கு மட்டும்னு சொன்ன, புது மாப்பிள்ளை மாதிரி இருக்கான். முழுசா புதுப் பெயிண்ட்...” என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மூலையில் தேநீர்க் கொதிகலன் உறுமியது.

“இன்னிக்கி வேணாண்டா. வைக்கிங் ஆட்டத்தை வேடிக்கை பாக்கலாம்” என்றான் கிளெம்.

“ஏன், பயமா? உன் ஈட்டிக்காரங்க எந்தக் காலத்துல ஜெயிச்சானுங்க? இவனுங்க கையில சாகறதுக்கு என் ஆளு என்ன முட்டாளா?” வில்ஃப் சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலாகி, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். மூச்சு திரும்பியதும் தளபதியை எடுத்து யானைகளுக்குப் பின்னால் வைத்தான். “ஒண்ணு சொல்றேன். தோத்துக் குடுக்காதே. கண்டுபிடிச்சேன்னா ஜென்மத்துக்கும் உன்கூடப் பேசமாட்டேன்.”

கிளெம் தோற்கத்தான் வந்திருந்தான். வாழ்க்கை முழுக்கத் தெரிந்த வேலை அது. ஈட்டிக்காரர்களைச் சேற்றுப் பக்கம் ஓட்டினான், பக்கவாட்டைத் திறந்து போட்டான். ஆனால் பகடை கேட்கவில்லை. உருட்டினால் ஐந்து, உருட்டினால் ஆறு. யானைகள் வந்து மோதின. ஈட்டி வரிசை அசையவில்லை. யானைகள் மிரண்டு திரும்பி வில்ஃபின் ஆட்களையே மிதித்தன.

“என்ன வாத்தே, பகடைக்குள்ள ஈயம் வச்சிருக்கியா?” என்றாள் பெரில். அவள் குரலில் விளையாட்டு இல்லை.

செத்தவர்களை வில்ஃப் பெட்டியில் வைத்துக்கொண்டே வந்தான். அவனுக்கு ஒரு பழக்கம். செத்தவர்கள் பெட்டியின் அடித்தட்டில், மேலே ஒரு பச்சைத் துணி. ஆட்டம் முடிந்து மேசையில் நிற்கிறவர்கள் துணிக்கு மேல். அடித்தட்டு நிரம்பிக்கொண்டே வந்தது.

நடு வரிசை உடைந்தது. அதை நிறுத்த ஒரே வழி, தளபதியே முன்னால் வருவது. வில்ஃப் அவனைத் தூக்கினான்.

“வேணாம். பின்னாடியே இருக்கட்டும்” என்றான் கிளெம்.

“என் ஆளுங்க சாகறப்ப பின்னாடி நிப்பேனா? சுரங்கம் இடிஞ்சப்ப உன்ன விட்டுட்டு ஓடினேனா?” தளபதியை ஈட்டிகளுக்கு நேர் எதிரே வைத்தான். “உருட்டு. ஆறு விழுந்தா நான் காலி. இல்லன்னா நீ காலி.”

கிளெம் பகடையை எடுத்தான். புது முகம் அவனையே பார்த்தது, ஒரு புருவத்தை ஏற்றிக்கொண்டு. வெள்ளை பூத்த அந்த முகம்தான் அவன் கண்ணுக்குள் நின்றது. கையை உதறிய உதறில் பகடை மேசையைத் தாண்டித் தரையில் விழுந்து உருண்டது. அது நிற்பதற்கு முன்பே கிளெம் பூட்ஸால் அதை மிதித்துக்கொண்டான்.

“கீழ விழுந்தது செல்லாது. மறுபடி உருட்டணும்” என்றாள் பெரில், மெதுவாக.

“உருட்ட மாட்டேன். என் படை ஓடிப்போச்சு. நீ ஜெயிச்சுட்டே.”

“டேய்.”

“ஜெயிச்சுட்டேன்னு சொல்லு, வில்ஃப். சொல்லித் தொலையேன்!”

வில்ஃபுக்குக் கோபம் வரும் என்று கிளெம் காத்திருந்தான். வரவில்லை. வில்ஃப் மேசையைப் பிடித்து ஒரு முழங்காலை மடக்கி, அந்த நெஞ்சோடு மெல்லக் குனிந்தான். கிளெமின் பூட்ஸைத் தட்டினான். ஒரு காலத்தில் இருட்டுக்குள் அப்படித்தான் தட்டுவான், நகரு என்பதற்கு.

“காலை எடு, இளவட்டம்.”

கிளெம் காலை எடுத்தான். கீழே பார்க்கவில்லை. வில்ஃப் பார்த்தான். பகடையை உள்ளங்கையில் மூடி எடுத்துக்கொண்டு, மூச்சு வாங்க எழுந்து, சட்டைப்பையில் போட்டான்.

“என்ன விழுந்துது?”

“செல்லாததுதானே. உனக்கு எதுக்கு?”

“வில்ஃப்.”

“ஆஸ்பத்திரிக்கு வா, சொல்றேன். நான் முழிச்சிருந்தா.” புருவம் ஏறியது. “ஆட்டம் உன்னுதும் இல்ல, என்னுதும் இல்ல. போதுமா? போய் டீ வாங்கிட்டு வா.”

கிளெம் டீ வாங்கப் போனான். வரிசையில் நின்றபடி திரும்பிப் பார்த்தான். வில்ஃப் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தான். மிச்சமிருந்த யானைகள், குதிரைக்காரர்கள், கவண்காரர்கள் எல்லாரும் பச்சைத் துணிக்கு மேல் போனார்கள். கடைசியில் தளபதி மட்டும் நின்றான். வில்ஃப் அவனை வெளிச்சத்துக்குத் தூக்கி மூக்கைப் பார்த்தான். பிடித்திருந்தது போல, தலையை ஆட்டினான்.

பிறகு பச்சைத் துணியின் ஓரத்தைத் தூக்கி, அவனை அடித்தட்டில் வைத்துத் துணியை இழுத்து மூடினான்.

“வாத்தே, பாலு ஊத்தவா வேணாமா?” என்று கொதிகலன் பக்கத்திலிருந்து யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். கிளெமின் காதில் விழவில்லை. பூட்ஸுக்கு அடியில் அந்தச் சின்னப் பகடை இன்னும் இருப்பது போலவே இருந்தது. அவன் காலை அழுத்தி ஊன்றிக்கொண்டு நின்றான்.